பலகையைப் பிடிக்க ஓர் ஆள்

போன வெள்ளிக்கிழமை மஸ்கட்டிலிருந்து மச்சான் வீடியோ காலில் வந்தார். மச்சான் என்றால் என் வீட்டுக்காரர். கீழக்கரையில் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவருடைய ரூமில் இருக்கும் நண்பர் ஒருவர் உதிரிப் பாகங்களாக வரும் கிட் வாங்கி, சொந்தக் கையால் ஒரு ஜோடி ஸ்பீக்கர் செய்திருக்கிறாராம். புத்தக அலமாரியில் வைக்கிற சைஸ். அதன் முன்னால் போனை நீட்டி, "கேக்குதா புள்ள? எப்படி இருக்கு?" என்றார்.

எப்படி இருக்கும்? என் போனில் எல்லாமே என் போன் மாதிரிதான் கேட்கும். "சூப்பரா இருக்கு மச்சான்" என்றேன்.

அவ்வளவுதான். நமக்கும் ஒன்று செய்வோம் என்று ஆரம்பித்துவிட்டார்.

ஆன்லைனில் தேடிப் பார்த்தேன். கிட்டில் இரண்டு வகை. ஒன்றில் மரப்பெட்டி ரெடியாகவே வரும். ஸ்பீக்கரை மாட்டி, வயரை இணைத்தால் பாட்டு. இன்னொன்றில் வெட்டிய பலகைகளாக வரும். பசை போட்டு ஒட்டி, காய வைத்து, சர்க்யூட்டுக்கு ஈயம் வைத்து... பெரிய வேலை. படிப்படியாகப் படம் போட்டிருந்தார்கள். ஒரு படத்தில் நான்கு கைகள் — ஒருவர் பலகையை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் ஸ்குரூவைத் திருக வேண்டும்.

"பலகை கிட்டையே வாங்கு. நோன்புப் பெருநாளைக்கு வாரேன்ல, சேந்து ஒட்டுவோம்" என்றார் மச்சான்.

விவரம் கேட்க ராமநாதபுரத்தில் ஒரு சவுண்ட் செட் கடைக்குப் போனேன். கடைக்காரர், "ஊருக்கே கேக்கணுமாக்கா, தெருவுக்குக் கேட்டாப் போதுமா?" என்றார். ஒரு ரூமுக்கு என்றேன். "ஒரு ரூமுக்கா? அதுக்கு வாயாலயே பாடிக்கிரலாமே" என்றார். நம் பக்கம் ஸ்பீக்கர் என்றால் கல்யாணம், தர்கா கந்தூரி, கட்சிக் கூட்டம். இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்பதற்கும் ஒன்று உண்டு என்றால் யார் நம்புவார்கள்?

ஆனால் எனக்கு அதுதான் வேண்டும். அவரும் நானும், ஒரு ரூம், சின்னச் சத்தத்தில் ஒரு பாட்டு. ஆசைப்படக் கூடாதா?

செவ்வாய்க்கிழமை போன் வந்தது. சாப்பாடு, வெயில், என்னைப் பெற்ற உம்மாவின் முட்டிவலி எல்லாம் விசாரித்துவிட்டு, "புள்ள, அந்த ரெடிமேட் பொட்டியே வாங்கிரு. நீ ஒருத்தியே மாட்டிரலாம்" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. பெருநாளைக்கு லீவு இல்லை.

இங்கே வீட்டுக்கு வீடு ஒரு பழக்கம் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் ஆளிடம் போனில், "எப்ப வாரீங்க" என்று கேட்கலாம். "வந்துருங்க" என்று சொல்லக் கூடாது. வேலை செய்கிற இடத்தில் மனசு உடைந்துபோகுமாம். கூரை ஒழுகினாலும், "இங்கன எல்லாரும் சொகமா இருக்கோம்" என்றுதான் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து நானும் சொகமாகத்தான் இருக்கிறேன்... போனில்.

அன்றைக்கும், "சரி மச்சான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆர்டர் போட உட்கார்ந்தேன். ரெடிமேட் பெட்டியின் மேல் விரல் போனது. நல்ல பெட்டிதான். வார்னிஷ் எல்லாம் பளபளவென்று இருந்தது. உம்மா எட்டிப் பார்த்து, "இது லேசான வேலையாத்தானம்மா தெரியுது. நீயே செஞ்சிரலாமே" என்றார். அந்த 'நீயே' எனக்குப் பொறுக்கவில்லை. கூரியரை வாங்கி வைத்தது நானே, கரண்ட் ஆபீசுக்கு அலைந்தது நானே. பாட்டும் நானேயா?

பலகை கிட்டை ஆர்டர் போட்டேன். மறுநாள்தான் அவரிடம் சொன்னேன்.

"ஏன் புள்ள? பிடிக்க ஆள் வேணுமே" என்றார்.

"ஆமா. வேணும்."

"பிரிக்காம அப்படியே வையி. ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பாப்போம். பலகைதானே, கெடக்கட்டும்" என்றார்.

"பலகை கெடக்கும் மச்சான். என்னாலதான் கெடக்க ஏலல. வந்துருங்க."

சொல்லிவிட்டேன். மறுமுனையில் ஒரு சத்தமும் இல்லை. கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன் — இல்லை, லைனில்தான் இருந்தார்.

நான் சொல்லவே இத்தனை வருடமாயிற்று. பதிலுக்கு அவரும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளட்டும்.