மகன் கேட்ட கேபினட்

காந்திபுரத்தில் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடைக்கு அன்னூரிலிருந்து ஒருவர் மகனின் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். வெள்ளை வேட்டி, வெயிலில் கறுத்த முகம். கூடவே பெரிய புதுக் கேபினட் ஒன்று. பழைய பெட்டியில் இருந்த பாகங்களை அதற்கு மாற்றி, ஓவர்கிளாக் செய்து, வழக்கத்தைவிட வேகமாக ஓடும்படி தரவேண்டும் என்றார்.

நான் முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். கேபினட்டின் கண்ணாடியில் என் கைரேகை விழும்போதெல்லாம் தோள்துண்டால் துடைத்துவிட்டார்.

"பையன் வரலீங்களா?" என்று கேட்டேன்.

"காலேஜ் முடிச்சதிலிருந்து ரூமை விட்டே வரமாட்டேங்கறானுங்க. சோத்தைக் கதவுகிட்ட வெச்சுப்போட்டு வந்துருவோம். எங்ககூடப் பேச்சே இல்லீங்க. அவனா வாயைத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதானுங்க."

கம்ப்யூட்டர் நன்றாகவே ஓடியது. சோதித்தபோது பார்த்தேன், அதில் இருந்ததெல்லாம் விளையாட்டுகள். உள்ளே விசிறிகள் சுழல்வதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏனுங்க, இத்தனை வேகமா ஓடுனா அவன் வேலை சுருக்கா முடிஞ்சுருமில்லீங்க? அப்புறம் வெளிய வருவானுங்களா?"

"நல்லா ஓடுமுங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். கேபினட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

மகன் வெளியே வந்தானா என்று விசாரிக்க அவருடைய போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. இதுவரை கூப்பிடத் தைரியம் வரவில்லை.