அறுகரிசியும் மாத எல்லையும்

என் தங்கையின் கல்யாணத்துக்கு நான் கொடுத்த பரிசு ஓர் இணையத்தளம். கல்யாணம் சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில். அம்மாவோ கொழும்பில், கால் எலும்பு முறிந்து ஊன்றுகோலோடு இருந்தார். விமானம் ஏற வைத்தியர் விடவில்லை. "தாலி ஏறின அண்டைக்கே உங்களுக்குப் படம் காட்டுவன் அம்மா" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அம்மா வீட்டுக்குப் பக்கத்தில், காசு கொடுத்து இணையம் பார்க்கிற ஒரு நெற் கபே இருந்தது.

தளத்தை வைக்க இணையத்தில் ஓர் இடம் வாடகைக்கு வேண்டும். மண்டபம் பார்க்கிறவன் எத்தனை கதிரை கொள்ளும் என்று கேட்பதுபோல, எத்தனை படம் கொள்ளும் என்று மட்டும் பார்த்தேன். தாராளமாக இடம் தந்த ஒரு சின்னக் கம்பனியைப் பிடித்தேன். என் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. எதையும் அடிக்குறிப்பு வரை வாசிப்பாள்.

"மாதத்துக்கு இவ்வளவுதான் வெளியில அனுப்புவினமாம். ஆக்கள் திறந்து பார்க்கப் பார்க்க அது குறையுமாம். கீழ எழுதிக் கிடக்கு, வாசிச்சனீங்களோ?"

"கொம்பியூட்டரில வேலை செய்யிறது நானோ, நீரோ?" என்றேன். அந்த வாய்க்கொழுப்புக்கு இன்றுவரை வீட்டில் பரிகாரம் செய்துகொண்டிருக்கிறேன்.

அம்மாவுக்குக் கண் பார்வை குறைவு. அதனால் படங்களை நான் சிறிதாக்கவே இல்லை. பக்கம் திறந்ததும் நாதஸ்வரமும் தவிலும் முழங்கும்படி வேறு செய்தேன். மேளம் இல்லாமல் என்ன கல்யாணம்? முகவரியை அழைப்பிதழிலும் அச்சடித்தோம். லண்டன், ரொறன்ரோ உறவுகள் முன்கூட்டியே திறந்து திறந்து மேளம் கேட்டதில் அந்த மாதத்து அளவில் பாதி கரைந்துபோனது எனக்குத் தெரியாது.

காலையில் தாலி ஏறியது. கெட்டிமேளம் அடங்கி, எல்லோரும் அறுகம்புல் கலந்த அறுகரிசியை மணமக்கள் தலையில் போட்டு ஆசீர்வதித்து முடிந்ததும், நான் பந்தியைக்கூடப் பாராமல் வீட்டுக்கு ஓடிப் படங்களை ஏற்றினேன். வேலை சுத்தம் என்ற பெருமையோடு மண்டபத்துக்குத் திரும்பி இரண்டு முறை பாயசம் குடித்தேன்.

பின்னேரம் மணமக்களோடு வீட்டுக்கு வந்து தளத்தைத் திறந்தால் படமும் இல்லை, மேளமும் இல்லை. மாத எல்லை முடிந்துவிட்டது என்று ஒரே ஒரு வரி. கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தேன். சனிக்கிழமை, ஆள் இல்லை. அம்மாவுக்கு எடுத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெறும் திரையைப் பார்த்துவிட்டு எங்கே உட்கார்ந்து அழுகிறாரோ என்று திரும்பத் திரும்ப எடுத்தேன். மனைவி எனக்கு ஒரு கோப்பை தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

ஐந்தாம் தடவை அம்மா எடுத்தார். மூச்சு வாங்கியது.

"இப்பதான் கபேயில இருந்து வாறன். ஒழுங்கையில இருக்கிற எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனனான். அவ்வளவு பேருக்கும் ஒரு கொம்பியூட்டர் பெட்டி எப்பிடிக் காணும்? இருந்த எல்லாப் பெட்டியிலயும் போடச் சொன்னனான். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தம். பிறகு என்னவோ, எல்லாத்திலயும் ஒரேயடியா நிண்டுபோச்சு."

மிச்சப் பாதியைத் தின்றது யார் என்று அப்போதுதான் விளங்கியது. நான் சிரிக்கத் தொடங்கினேன்.

"தாலி ஏறுற படம் பார்த்தீங்களோ?"

"ஓம். வீட்டிலேயே அறுகரிசி கலந்து கொண்டு போனனான். எல்லாரும் படத்துக்குப் போட்டவை. கீபோட்டுக்குள்ள அரிசி விழுந்திட்டுதெண்டு கடைக்காரர் ஏசினவர். பிறகு தானும் ரெண்டு அரிசி எடுத்துப் போட்டவர்." பிறகு, "நான் போட்டது பிள்ளையின்ர தலையில விழுந்திருக்குமோ?" என்று கேட்டார்.

அதை அவளிடமே கேட்கச் சொல்லித் தொலைபேசியைத் தங்கையிடம் கொடுத்தேன். அவள் கொண்டையில் தடவி, பூவுக்குள் சிக்கியிருந்த ஓர் அரிசியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"ஓம் அம்மா" என்றாள். "விழுந்தது."