பிப்ரவரியில் அமாவாசை இல்லை

ஊதியம் வழங்கல் சட்டத்தின் நான்காவது பிரிவு மிகச் சிறியது. கூலி கொடுப்பவர் ஒவ்வொருவரும் ஊதியக் காலம் ஒன்றை நிர்ணயித்துக்கொள்ள வேண்டும், அந்தக் காலம் ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். ஒன்றாம் தேதி தொடங்க வேண்டும் என்றோ முப்பதாம் தேதி முடிய வேண்டும் என்றோ அதில் ஒரு சொல் கிடையாது. எழுதியவன் வெள்ளைக்காரன். இந்த நாட்டில் ஊருக்கு ஊர் மாதத்தை வேறு வேறு விதமாக எண்ணுவார்கள் என்று அவனுக்கே தெரிந்திருந்தது. சென்னையில் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து அடுத்தவர்களுக்குச் சம்பளப் பட்டியல் போட்டுக் கொடுக்கிற நிறுவனத்துக்குத் தெரியவில்லை.

நான் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தாசில்தார் முதல் தலைமையாசிரியர் வரை, இந்தத் தாலுக்காவில் சம்பளம் வாங்கிய எல்லோருடைய பட்டியலும் என் மேசையைத் தாண்டித்தான் போனது. ஒரு கையெழுத்து விடுபட்டிருந்தால் திருப்பி அனுப்புவேன். அதற்காக என்னைத் திட்டியவர்கள் பலர். தவறான பட்டியலில் என் கையெழுத்து இருந்தது என்று சொன்னவர் ஒருவரும் இல்லை.

என் தம்பி செஞ்சியில் திருவண்ணாமலை சாலையில் கடலை எண்ணெய் மில் வைத்திருக்கிறான். எங்கள் நைனா தொடங்கியது. வல்லம் பக்கத்துக் கடலை முழுக்க அங்கேதான் வரும். நைனா காலத்திலிருந்து அங்கே ஒரு வழக்கம். அமாவாசைக்கு முந்தின நாள் சாயந்திரம் சம்பளம், அமாவாசை அன்று மில் மூடல். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குச் சிறப்புப் பேருந்துகள் நிரம்பி வழிகிற நாளில் இந்த ஊரில் யாரை வேலைக்குக் கூப்பிட முடியும்? சாமிக்குப் போகிறவன் கையில் காசோடு போகட்டும் என்று நைனா ஏற்படுத்தியது. சீட்டு கட்டுவது, கடைப் பாக்கி தீர்ப்பது எல்லாம் மில்காரர்களுக்கு அந்த நாளை ஒட்டித்தான். அமாவாசையிலிருந்து அமாவாசை முப்பது நாளைத் தாண்டாது. நான்காவது பிரிவுக்கு எந்தப் பங்கமும் இல்லை.

தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக் கணக்கு மட்டும் ஆங்கில மாதப்படி போக வேண்டும். திண்டிவனத்து ஆடிட்டர் ஒருவர் அதைப் பிரித்துப் பிரித்து ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டதால் புதிதாக ஆள் தேட வேண்டியதாயிற்று. தம்பி என்னிடம் யோசனை கேட்டான். கேட்டான் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு அதை மறந்துவிட்டான்.

விழுப்புரத்தில் ஒரு கணக்காளரைப் போய்ப் பார்த்தேன். மேசை நிறையக் காகிதம், மின்விசிறி சுற்றினால் பறந்துவிடும் என்று அணைத்து வைத்துக்கொண்டு வியர்வையில் உட்கார்ந்திருந்தார். நான் உட்காருவதற்குள் அவர் கேட்ட முதல் கேள்வி, உங்கள் மில்லுக்கு என்றைக்கு லீவு என்பது. இவர்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

நான் ஊர் திரும்புவதற்குள் சென்னை நிறுவனத்தின் விற்பனை ஆள் மில்லுக்கு வந்து, தம்பியோடு சாப்பிட்டும் முடித்திருந்தான். கழுத்தில் பட்டையில் அடையாள அட்டை, காலில் பளபளக்கிற ஷூ, சொந்த ஊர் அவலூர்பேட்டை. நம்ம பக்கத்துப் பையன் என்பது தம்பிக்குப் போதுமான தகுதி. செல்போனில் ஒரு செயலியைக் காட்டினான். தொட்டால் பச்சை, தடவினால் மஞ்சள். முதல் மூன்று மாதம் இலவசமாம்.

நான் ஒரே ஒரு விஷயம் கேட்டேன். எங்கள் சம்பள நாள் அமாவாசைக்கு முந்தின நாள், உங்கள் மென்பொருள் அதற்கு ஒத்துவருமா?

"அமாவாசை இன்னா மேடம், கிருத்திகைக்குக் கூட செட் பண்ணித் தரலாம்" என்றான். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

எழுத்தில் கொடுங்கள் என்றேன். அதற்கென்ன என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று சாயந்திரமே என் கேள்வியை வாட்ஸப்பில் அனுப்பினேன். பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அலுவலகத்தில் எனக்கு எத்தனையோ விதமான பதில்கள் வந்திருக்கின்றன. கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டுவதை உறுதிமொழியாக எடுத்துக்கொள்ள எந்த விதியும் இல்லை. தம்பி எடுத்துக்கொண்டான். அதோடு நிற்கவில்லை. காப்பீட்டு இணையதளத்தின் கடவுச்சொல்லையும் கொடுத்து, பதிவில் இருந்த தன் செல்போன் எண்ணுக்குப் பதிலாக அவர்கள் எண்ணையும் போட அனுமதித்தான். நீங்கள் எதற்கும் சிரமப்பட வேண்டாம் சார் என்றார்களாம். வீட்டுச் சாவியைக் கொடுத்தது போதாது என்று பூட்டையும் மாற்றிக்கொள்ளச் சொன்ன மாதிரி.

அந்த ஆண்டு தை அமாவாசை ஜனவரி கடைசியில் வந்தது. மாசி அமாவாசை மார்ச் இரண்டாம் தேதி வந்தது, அதற்கு முந்தின நாளும் மார்ச்தான். நடுவில் இருந்த பிப்ரவரியில் அமாவாசை இல்லை. எனவே பிப்ரவரியில் சம்பள நாளும் இல்லை. பஞ்சாங்கம் பார்க்கிற எவருக்கும் இதில் அதிசயம் ஒன்றும் கிடையாது. மில்லில் எல்லோரும் வழக்கம்போல வேலை செய்தார்கள், வழக்கம்போல மாசி அமாவாசைக்கு முந்தின நாள் கூலி வாங்கினார்கள், வழக்கம்போல மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குப் போனார்கள்.

மென்பொருள் என்ன செய்தது என்றால், பிப்ரவரியில் சம்பளம் போடாததால் மில்லில் இருந்த அத்தனை பேரையும் வேலையை விட்டு நின்றவர்கள் என்று காப்பீட்டுக்கு எழுதி அனுப்பிவிட்டது. மார்ச்சில் தொடக்கத்தில் ஒன்றும் கடைசியில் ஒன்றுமாக இரண்டு சம்பளம் போனது அல்லவா? அதை, நின்றவர்களுக்குக் கணக்குத் தீர்த்துக் கொடுத்த பணம் என்று போட்டுக்கொண்டது. தம்பியின் செல்போனில் எல்லாம் பச்சையாக இருந்தது.

எங்களுக்கு இது தெரிந்தது பங்குனிக் கடைசியில். கடலை பொறுக்கும் பகுதியில் பல வருடமாக இருக்கிற ஒரு பெண், கொட்டையைக் கையில் அள்ளிய மாத்திரத்தில் சொத்தையைத் தள்ளிவிடுகிறவள், வீட்டுக்கே என்னைத் தேடி வந்தாள். கர்ப்பப்பையில் கட்டி. இரத்தப்போக்கில் முகம் வெளுத்திருந்தது. அறுவை செய்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு காப்பீட்டுக்காரர்களின் மருந்தகத்துக்குப் போனால், அங்கிருக்கிற டாக்டர் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார். அந்த மருந்தகத்துக்குத்தான் போய்விட்டு வந்திருந்தாள்.

நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"மொதலாளி என்ன நிறுத்திட்டாராம்மா?"

யார் சொன்னது என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரில சொல்றாங்க. கம்ப்யூட்டர்ல இருக்குதாம். நான் வேலைய வுட்டு நின்னு ரெண்டு மாசம் ஆவுதாம். நேத்து பொழுது சாயற வரைக்கும் கொட்ட பொறுக்கிட்டுதானம்மா போனேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "நோவு வந்துடுச்சு, இனிமே இவ ஆவமாட்டான்னு நெனச்சிருந்தா, என் மூஞ்சியப் பாத்து சொல்லியிருக்கலாம் இல்ல" என்றாள்.

அரசாங்கத்தில் பணிநீக்கம் செய்வதானால் குறிப்பாணை தர வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும். இவளுக்கு வேலை போன செய்தியை ஒரு மருந்தகக் கணினி சொல்லியிருக்கிறது. அதுவும் போகாத வேலை. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் தணியவில்லை, தணிய வேண்டிய அவசியமும் தெரியவில்லை.

நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். பாட்டு போட்டார்கள். பிறகு ஒரு இளம்பெண் குரல் வந்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அமாவாசைங்கறது எந்த டைப் லீவ் மேடம்? சிக் லீவா, கேஷுவலா?" என்றாள்.

அது லீவு வகை இல்லை, சம்பள நாளுக்கு அடுத்த நாள் என்றேன்.

"பிப்ரவரில நீங்க சேலரியே போடலையே மேடம்."

"பிப்ரவரியில் அமாவாசை இல்லை."

விசைப்பலகை தட்டும் சத்தம் வந்தது. பக்கத்து மேசைகளின் பேச்சு கேட்டது. "அப்ப அது எங்க சைடு மிஸ்டேக் இல்ல மேடம்" என்றாள்.

புகார் எண் ஒன்று கொடுத்தாள். அதைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் எழுதினேன். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று இயந்திரம் ஒன்று பதில் போட்டது. நினைவூட்டு எழுதினேன், இரண்டாம் நினைவூட்டு எழுதினேன், மேல் அலுவலர் பார்வைக்கு என்று எழுதினேன். இயந்திரத்துக்கு அலுப்பே இல்லை. அவலூர்பேட்டைக்காரனைக் கூப்பிட்டால் அவன் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டானாம்.

காப்பீட்டு அலுவலகத்துக்கும் நேரில் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். நின்றவர் என்ற பதிவை நீக்க வேண்டுமானால் முதலாளியின் கணக்கிலிருந்து கோரிக்கை வர வேண்டும், பதிவான எண்ணுக்கு வருகிற கடவு எண்ணைப் போட வேண்டும் என்றார். பதிவான எண் யாருடையது? கண்ணாடிக் கட்டடத்துக்காரனுடையது. எண்ணை மாற்ற எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம், மேலே போய் வர நாளாகும் என்றார். அவர் சொன்னது விதிப்படி சரி. அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். விண்ணப்பத்தைக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

தம்பி அவன் பங்குக்கு ஒரு வழி சொன்னான். "இன்னாக்கா இதுக்குப் போயி டென்ஷன் ஆவுற. செலவு நான் பாத்துக்கறேன், பிரைவேட்ல சேத்துவுடு."

நான் அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

"மொதலாளி நல்லவருதாம்மா, இல்லன்னு சொல்லல. ஆனா மாசா மாசம் என் கூலில புடிச்சாங்க இல்ல, அதுக்கு வைத்தியம் பாக்கட்டும். அவுரு கைய நீட்டிக் குடுத்தா நாளைக்கு அவுர எதுத்து நான் பேச முடியாது."

சட்டத்தில் இதைத்தான் உரிமை என்று எழுதி வைத்திருக்கிறோம். இவ்வளவு தெளிவாக எழுதவில்லை. திரும்பி வந்து தம்பியிடம், நீ தருவதாகச் சொன்னது தருமம், அவள் கேட்பது அவளுடையது, இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல்தான் நீ கட்டைவிரலுக்குக் கையெழுத்துப் போட்டாய் என்றேன். இரண்டு வாரம் என் வீட்டுப் பக்கம் வரவில்லை.

சித்திரையும் வைகாசியும் போயின, மேலே போன விண்ணப்பம் திரும்பி வரவில்லை. அவள் வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். உட்கார்ந்து பொறுக்குவாள், எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாள். வராவிட்டால் நின்றுவிட்டதாக எழுதியது உண்மையாகிவிடும் என்று பயந்ததாகக் கூட இருந்த பெண்கள் பிறகு சொன்னார்கள். ஆனியில் ஒரு நாள் கடலைக் குவியல் மேலேயே சாய்ந்துவிட்டாள். தம்பிதான் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு விழுப்புரம் அரசு மருத்துவமனைக்கு ஓடினான். யாரும் அட்டை கேட்கவில்லை. இரத்தம் ஏற்றி, கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். முன்பே செய்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாமோ என்று அங்கிருந்த டாக்டரம்மாவைக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "அப்பவே ஏம்மா கூட்டிட்டு வரல?" என்று திருப்பிக் கேட்டார். பதிவான எண், கடவு எண், புகார் எண் என்று அவரிடம் எதைச் சொல்வது?

தம்பி அந்த வாரமே விழுப்புரத்துக் கணக்காளரிடம் போனான். என்னைக் கூப்பிடவில்லை, போய் வந்த பிறகும் சொல்லவில்லை. மில் சுவரில் அந்த ஆண்டின் அமாவாசைகளைச் சிவப்பில் சுழித்த நாட்காட்டி ஒன்று தொங்குவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த அமாவாசைக்கு மில் மூடியிருந்தது. இயந்திரத்துக்குச் சூடம் காட்ட என்னையும் வரச் சொல்லியிருந்தான். அவள் கனம் தூக்கக் கூடாது, நடக்கவும் கூடாது. ஆனாலும் மேல்மலையனூருக்குப் போயே தீருவேன் என்று நின்றாளாம். கூட வேலை செய்கிறவர்கள் சிறப்புப் பேருந்தில் சண்டை போட்டு ஜன்னலோர இடம் பிடித்து உட்காரவைத்து அழைத்துப் போயிருந்தார்கள். மில்லில் தம்பியும் நானும் மட்டும் இருந்தோம். சூடம் எரிந்துகொண்டிருந்தபோது என் செல்போனில் மணி அடித்தது.

நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல். அன்புள்ள வாடிக்கையாளரே, தங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது. பணியாளரின் தற்போதைய நிலை: பணியில் உள்ளார். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

தம்பியிடம் நீட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அதை அச்செடுத்து, பதில் கிடைத்த தேதி என்ற இடத்தில் ஆங்கிலத் தேதியைப் போடாமல், அவர்களுக்கு எந்தக் காலத்திலும் புரியாத தேதியையே எழுதிக் கோப்பில் வைத்தேன்: ஆடி அமாவாசை.