பெரியநாயகிக்கு ஒரு கையெழுத்து

பேனாவை வாங்கியதும் பெரியநாயகி முதலில் தன் உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பார். மை ஒழுங்காக இறங்கினால்தான் வேட்புமனுவைத் தன் பக்கம் நகர்த்துவார். முன்மொழிபவர் என்ற இடத்தில் பெயரை எழுதி, அடியில் கோடு போட்டு, கோட்டின் முடிவில் இரண்டு புள்ளி வைப்பார். "போப்பா, ஜெயிச்சிட்டு வா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இட்லிக் குண்டானைத் திறக்கப் போய்விடுவார்.

தாமல் ஏரித் தண்ணீர் பாயும் ஊர்களில் ஒன்று அது. காஞ்சிபுரம் பஸ் நிற்கும் இடத்தில் தகரக் கூரைக்கு அடியில் அவருடைய கடை. வண்டியை விட்டு இறங்காமல் பார்சல் கேட்பவர்களுக்குத் தரமாட்டார். "எறங்கி வா. நான் இன்னா பெட்ரோல் பங்க்கா வச்சிருக்கறேன்?" இலையில் இட்லியை மீதி வைத்தவருக்கு மறுநாள் ஒன்று குறைத்தே வைப்பார். முகங்கள் அவருக்கு அவ்வளவாக நினைவில் நிற்பதில்லை. யார் எவ்வளவு மீதி வைத்தார் என்பது நிற்கும்.

ஊராட்சி வார்டு உறுப்பினராக நிற்க விரும்புபவரை அதே வார்டின் வாக்காளர் ஒருவர் முன்மொழிய வேண்டும். எப்போதோ ஒருவர் பெரியநாயகியின் கையெழுத்தோடு நின்று ஜெயித்தார். அடுத்து வந்தவரும் ஜெயித்தார். அதிலிருந்து அது ராசியான கை. அந்தக் கை தொட்டும் தோற்றவர் ஒருவர் உண்டு. அவரை ஊர் மறந்துவிட்டது, பெரியநாயகி மறக்கவில்லை. "அவன் அவசரப்பட்டான்பா. பேனாவ சோதிக்க உடல."

இந்த முறை வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஏற்கெனவே உறுப்பினராக இருந்த மணிவண்ணன், மனைவி ஜெயப்ரியாவின் மனுவோடு கடைக்கு வந்தார். ஜெயப்ரியா வரவில்லை.

"அத்தை, ஒன் ராசிக் கையால ஒண்ணு போட்டுக் குடு."

"யாரு நிக்கறா?"

"ஜெயப்ரியாதான். பேருக்கு அவ, வேலைக்கு நான்."

"பொம்பளை வார்டுன்னுதானே போட்ருக்குது? பொம்பளையோட புருஷன் வார்டுன்னா போட்ருக்குது?" நீட்டிய பேனாவை அவர் வாங்கவில்லை. "இந்தத் தபா நானே நிக்கறேன்பா."

மணிவண்ணன் சிரித்தார். "நீ போயி உக்காந்துட்டா இட்லி யாரு ஊத்துவாங்க?"

"ஏன், நீ சும்மாதானே இருப்ப?"

இட்லி தின்றுகொண்டிருந்தவர்கள் இலையைப் பார்த்துச் சிரித்தார்கள். நிமிர்ந்து யாரும் சிரிக்கவில்லை.

அன்று கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நான், எதற்காக நிற்கிறார் என்று கேட்டேன். பஸ் நிற்கும் இடத்தில் விளக்கு இல்லை, கால்வாய் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று எல்லோரும் சொல்வதைத்தான் முதலில் சொன்னார். பிறகு, சட்னியைக் கிளறியபடியே, "எல்லாரையும் உள்ள அனுப்பிட்டு நான் வெளியவே நின்னுக்கினு இருக்கறேன். உள்ள போயி இன்னாதான் பண்றாங்கன்னு பாக்கணும்" என்றார். இதை உயர்ந்த லட்சியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதில் பொய் இல்லை.

மனு கொடுக்கும் கடைசி நாளுக்கு முந்தைய நாள் பெரியநாயகி ஊராட்சி அலுவலகத்துக்குப் போனார். வீட்டு வரி ரசீது, டெபாசிட், வயது, முகவரி எல்லாம் சரியாக இருந்தன. அதிகாரி ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"வேட்பாளர் எடத்துல உங்க கையெழுத்து. முன்மொழிபவர் எடத்துலயும் உங்க கையெழுத்து."

"ஆமா சார்."

"உங்கள நீங்களே முன்மொழிய முடியாதும்மா. வார்டுல வேற ஒருத்தர் வரணும்."

"என் கையெழுத்துல இத்தினி பேரு ஜெயிச்சிருக்கறாங்களே சார்!"

"அது அவங்களுக்கு நீங்க போட்டது. உங்களுக்கு யாரு போடறாங்க? நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்குது."

புது மனுவை வாங்கிக்கொண்டு அன்று மாலை வீடு வீடாக ஏறி இறங்கினார். பக்கத்து வீட்டு ரேணுகாம்பாள் உள்ளே அழைத்து, மோர் கொடுத்து, கதவைச் சாத்திய பிறகே பேசினார். "என் ஓட்டு ஒனக்குத்தான்க்கா. என் வீட்டு ஓட்டு அத்தினியும் ஒனக்குத்தான். கையெழுத்து மட்டும் கேக்காத." அடுத்த வீட்டில் காய்ச்சல். அதற்கடுத்த வீட்டில் ஆள் இல்லை, டிவி ஓடிக்கொண்டிருந்தது.

அவர்களைக் குறை சொல்வது சுலபம். மனு கொடுத்தவர் பெயரும் முன்மொழிந்தவர் பெயரும் அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். ஊர் முழுக்கப் படிக்கும். அறுவடை இயந்திரமும் டிராக்டரும் மணிவண்ணனிடம்தான் இருக்கின்றன. வாக்கை ரகசியமாகப் போடலாம் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. அந்த ரகசியம் தொடங்குவதற்கே முதலில் ஒருவர் பட்டப்பகலில் தன் பெயரைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதை நாம் அதிகம் யோசிப்பதில்லை.

மறுநாள் காலையில் பொன்னி இட்லி வாங்க வந்தார். நடவு வேலைக்குப் போகிறவர். விஷயம் அவருக்கும் எட்டியிருந்தது.

"முன்மொழியறதுன்னா இன்னாக்கா செய்யணும்?"

"கூட வந்து கையெழுத்து போடணும். போர்டுல பேரு ஒட்டுவாங்க."

"அவ்ளோதானா? நான் வரேன்."

"வேணாண்டி. நீ மணிவண்ணன் நெலத்துக்குத்தானே போற?"

"அங்கதான் போய்க்கினு இருக்கறேன். அதுக்கு?" பொன்னி தூக்குவாளியை மேஜைமேல் வைத்தார். "ஊரெல்லாம் கேட்டியாமே. எங்க தெருவுக்கு வரவே இல்ல. நாங்களும் இதே வார்டுதானே?"

பொன்னியின் நல்லதை நினைத்துத்தான் அந்தத் தெருவுக்குப் போகவில்லை என்று பெரியநாயகி சொல்லியிருக்கலாம். கேட்பவர்கள் நம்பியும் இருப்பார்கள். உண்மையில் அந்தத் தெரு அவர் நினைவுக்கே வரவில்லை. வெந்த இட்லியை எடுத்து மூடி வைத்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, புடவையை உதறிக் கட்டிக்கொண்டு வந்தார். "வா" என்றார்.

அலுவலக வாசலில் மணிவண்ணன் தன் ஆட்களோடு நின்றிருந்தார். பொன்னியைப் பார்த்ததும் அவர்கள் பேச்சு நின்றது. உள்ளே அதிகாரி வாக்காளர் பட்டியலில் பொன்னியின் பெயரைச் சரிபார்த்துவிட்டு மனுவை அவர் பக்கம் திருப்பி வைத்தார். பொன்னி குனிந்து தன் பெயரின் முதல் எழுத்தை எழுதத் தொடங்கினார்.

பெரியநாயகி மெல்ல நகர்ந்து வாசலுக்கும் மேஜைக்கும் நடுவே போய் நின்றார். முந்தானையை இழுத்து இடுப்பில் கை வைத்து, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பொன்னி தெரியாதபடி அகலமாக நின்றார்.

"நவுருக்கா," பொன்னி தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "போர்டுல ஒட்டத்தானே போறாங்க. இப்பவே பாக்கட்டும்."

பெரியநாயகி இடுப்பிலிருந்து கையை எடுத்தார். ஒதுங்கிப் போய்ச் சுவரோடு சேர்ந்து நின்றார்.