சக்கரத்துக்கு அடியில் வைக்கும் கல்

சீட்டாட வருகிறவர்களிடம் எட்டணா வாங்குவது எவ்வளவு கஷ்டமென்று எனக்குத் தெரியும். ஒரே ஆட்டத்தில் முந்நூறு ரூபாயை விட்டுவிட்டு, அடுத்த நிமிஷம் ‘டீ சூடா இருக்கா’ என்று கேட்கிற மனிதர்கள் அவர்கள். காரை நிறுத்தியதற்கு எட்டணா என்றால் மட்டும் அவர்களுக்கு நாட்டில் நியாயமே செத்துப்போய்விடும்.

அறுபதுகளின் நடுவில் கொடைக்கானலில் ஏரிக்கு மேலே அப்படி ஒரு கிளப் இருந்தது. தங்குவதற்குப் பத்து அறை, ஒரு சாப்பாட்டுக் கூடம், மற்ற இடமெல்லாம் சீட்டு மேஜை. சித்திரை பிறந்ததும் மதுரை, திண்டுக்கல், கோயம்புத்தூர் என்று கார்கள் ஏறி வரும். வீட்டுப் பெண்கள் ஏரியைச் சுற்றி வருவார்கள். ஆண்கள் ஏரிக்கு முதுகைக் காட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து சீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மலையேறி வந்ததற்கு அடையாளம் அவர்கள் போட்டிருந்த கம்பளிக் கோட்டு மட்டும்தான்.

நான் ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். கிளப்பில் தோட்ட வேலை, அதுவும் தற்காலிகம். ஒருநாள் செகரட்டரி கூப்பிட்டு அனுப்பினார். ரிடையர் ஆன அதிகாரி. 

“ஒனக்கு பர்மனென்ட் வேணுமா வேணாமா?”

“வேணுங்க சார்.”

“இனிமே விசிட்டர் கார் உள்ள நிறுத்துனா எட்டணா. கேட்ல நின்னு நீ வாங்குற. சீசன் முடியறப்ப ஒன் சம்பளமாவது அதுல வந்திருக்கணும். வந்தா பர்மனென்ட். வரலேன்னா கட்டணத்தையும் எடுத்துருவேன், ஒன்னையும் எடுத்துருவேன்.”

“குடுப்பாங்களா சார்?”

“நூறு நூறா வச்சு ஆடுறவன் எட்டணாவுக்கா யோசிப்பான்?” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது என் மனைவிக்கு ஆறாம் மாதம். வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

“கேட்டா குடுத்துருவாங்கங்கிறாரு.”

“அதெல்லாம் சரிதான். நீங்க கேக்கணும்ல மொதல்ல?” என்றாள் அவள்.

காக்கிக் கோட்டு, டிக்கெட் புத்தகம், பெரிய எழுத்தில் ஒரு பலகை எல்லாம் வந்தன. அவற்றோடு என்னுடைய கற்களும் இருந்தன. மலையில் காரை நிறுத்தினால் சக்கரத்துக்கு அடியில் கல் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பச்சைப் பிள்ளைக்கும் இது தெரியும். கீழே இருந்து வருகிறவர்கள் பிரேக்கை இழுத்துவிட்டு, மலையே தங்களுக்காக நிற்கும் என்று நம்பிப் போய்விடுவார்கள். நம்புவது எனக்கு வராது. ஆப்பு மாதிரி ஒரு பக்கம் சரிந்த கற்களாகப் பொறுக்கி, கேட்டுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு செகரட்டரி அதற்கும் ஒரு ரூல் போட்டார். டிக்கெட் வாங்குகிற வண்டிக்குத்தான் கல்.

முதல் வண்டி திண்டுக்கல் புகையிலை வியாபாரியுடையது. ஆடுகிறவர்களில் அவர்தான் பெரிய கை. அவர் செய்வதைத்தான் மற்றவர்களும் செய்வார்கள். நான் டிக்கெட்டை நீட்டினேன்.

“ஆட்டத்துக்கு ஒக்காருறதுக்கு முன்னாடி கையில இருந்து காசு போகக் கூடாதுப்பா. மொதக் காசு வெளிய போச்சுன்னா, அன்னைக்குப் பூராம் போய்க்கிட்டேதான் இருக்கும்.”

“அப்பச் சரிங்கய்யா. திரும்பிப் போறப்போ குடுங்க.”

“போறப்போ ஏதுப்பா காசு?” என்றார். சொல்லிவிட்டு டிரைவரிடம் வண்டியை வெளியே விடச் சொன்னார்.

கேட்டுக்கு வெளியே, சரிவான ரோட்டில், எதிரே ஒரு பாயின் டீக்கடை. அன்று முதல் எல்லாக் கார்களும் அந்தச் சரிவில்தான் நின்றன. உள்ளே சமதளமான மைதானத்தில் என் பலகையும் நானும் நின்றோம். டிரைவர்கள் நாள் முழுக்கக் கடையிலேயே உட்கார்ந்ததால் பாய் இரண்டு பெஞ்சு கூடுதலாகப் போட்டார்.

“ஒங்க செகரட்டரிக்காகத் தொழுகையில துஆக் கேக்குறேண்ணே. அஞ்சு வருசத்துல பாக்காத யாவாரம்” என்றார்.

எனக்கு வேலை போய்விடுமே என்ற கவலை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்தச் சரிவில் வரிசையாக நின்ற கார்கள். ஒன்று நழுவினால் முன்னால் நிற்பதை இடிக்கும், அது அதற்கு முன்னால் நிற்பதை இடிக்கும், கடைசியில் ஏரியைச் சுற்றுகிற பெண்கள் மேல் போய் விழும். எனக்கு இப்படித்தான் தோன்றும். பொறுக்க முடியாமல், மூடுபனி இறங்கியதும் கற்களைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே நின்ற வண்டிகளுக்கெல்லாம் வைத்தேன். பாய் பார்த்துவிட்டார்.

“காசு குடுக்காதவனுக்குக் கல்லு வக்கிற. காசு குடுக்குறவன் வருவான்னு கேட்லயும் நிக்கிற. எந்த ஊருண்ணே நீ?”

“வடகவுஞ்சி.”

“அதான பாத்தேன்” என்று ஆற்றிய டீயை ஒருதரம் மேலும் ஆற்றினார்.

இப்படியே மூன்று வாரம். புத்தகத்தில் கிழிந்தது பதினோரு டிக்கெட். அதில் நான்கு, வழி தெரியாமல் உள்ளே வந்தவர்கள் வாங்கியது. ஒருநாள் காலையில் செகரட்டரி வெளியே வந்து கற்களைப் பார்த்துவிட்டார்.

“வெளிய நிக்கிற வண்டிக்கு யார் கல் வச்சது?”

“நான்தாங்க சார். சரிவா கெடக்கு, அதான்...”

“வெளிய ஓசியில கல்லும் கெடச்சா எவன் உள்ள வருவான்? டிக்கெட் இல்லேன்னா கல் இல்ல. ரூல்னா ரூல். என் வண்டின்னாலும் அதே ரூல்தான். சீசன் முடியறவரைக்கும் பொறுக்க மாட்டேன், வர்ற சனிக்கிழமையே கணக்குப் பாப்பேன். அதுக்கப்புறம் நீ வடகவுஞ்சிக்குக் கெளம்பலாம்.”

கற்களையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து கேட்டில் அடுக்கினேன்.

அன்று மத்தியானம் செகரட்டரி தன் கறுப்புக் காரில் வந்தார். அவர் எப்போதும் நிறுத்துகிற இடத்தில் விறகு இறக்கியிருந்தார்கள். மேஜையில் ஒரு கை குறைகிறது என்று உள்ளிருந்து ஆள் வந்து கூப்பிட்டதும், மைதானத்தின் மேல் ஓரத்தில், தரை சாயத் தொடங்குகிற இடத்தில் வண்டியை விட்டுவிட்டு வேகமாக உள்ளே போனார்.

நான் கல்லை எடுத்துக்கொண்டு பத்தடி போயிருப்பேன். ரூல் ஞாபகம் வந்தது. அவர் டிக்கெட் வாங்கவில்லை. வைத்தால், காலையில் சொன்னதை மத்தியானமே மீறியவன் ஆவேன். வைக்காமல் விட்டால் என்னென்ன ஆகும் என்பதும் எனக்கு வரிசையாகத் தெரிந்தது. உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லலாம். ஆனால் ஆட்டத்தின் நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால், தோற்பதற்கு அவன்தான் காரணம் என்பார்கள். சப்ளையர்களே அந்த அறையில் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நடப்பார்கள். கல்லைக் கீழே வைத்தேன். எடுத்தேன். மறுபடியும் வைத்தேன். மறுபடியும் எடுத்தேன்.

அரை மணி நேரம் கழித்து வண்டி நகர்ந்தது. சத்தமே இல்லை. விருந்தில் யாரிடமும் சொல்லாமல் எழுந்து போகிற பெரியவர் மாதிரி மெதுவாகக் கிளம்பி, பூப்பாத்திக்குள் இறங்கி, கட்டணப் பலகையை முறித்துக்கொண்டு, பேரிக்காய் மரத்தில் முட்டி நின்றது. ஒரு விளக்கு உடைந்தது. கல்லோடு பின்னால் ஓடிய நானும் அங்கே போய் நின்றேன்.

எல்லோரும் வெளியே வந்தார்கள். சீட்டைக் கீழே வைக்காமல், அடுத்தவர் பார்த்துவிடாதபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்கள்.

“கல் எங்கப்பா?” என்றார் செகரட்டரி.

“கையில இருக்குங்க சார்.”

“ஏன் வைக்கல?”

“சார் டிக்கெட் வாங்கலீங்க.”

 என் வேலை அந்த இடத்திலேயே முடிந்தது என்று நினைத்தேன். அப்போது புகையிலை வியாபாரி செகரட்டரியைப் பார்த்து, “இன்னைக்கு எம்புட்டு விட்டீங்க சார்?” என்று கேட்டார்.

“அது எதுக்கு இப்ப? நூத்தெழுபது.”

புகையிலை வியாபாரி பலகையைப் பார்த்தார். உடைந்த விளக்கைப் பார்த்தார். செகரட்டரியின் முகத்தைப் பார்த்தார். எட்டணாவை மிச்சம் பிடித்தவருக்கு என்னவெல்லாம் போனது என்று மனசுக்குள் கூட்டிப் பார்த்திருக்க வேண்டும். வெளியே போனார். அவருடைய கார் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தது. ஜன்னல் வழியாக எட்டணா நீண்டது.

“கல்லு பெருசாப் பாத்து வையிப்பா.”

அவருக்குப் பின்னாலேயே மற்ற கார்களும் வந்துவிட்டன. மறுநாளிலிருந்து எட்டணா கொடுக்காமல் யாரும் மேஜையில் உட்காரவில்லை. முதல் காசு கையை விட்டுப் போகக் கூடாது என்றவர்களே, முதல் காசு கல்லுக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். சமதளத்தில் நிற்கிற வண்டிக்கும் கல் கேட்டார்கள். நாலு சக்கரத்துக்கும் நாலு கல் கேட்டவர்கள் உண்டு. அதற்குப் பிறகும் தோற்றார்கள். கல் சரியில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் வேறு கல் கேட்டார்கள்.

செகரட்டரியும் தினமும் டிக்கெட் வாங்கினார். தானே முன்மாதிரியாக நின்று கட்டணத்தை வெற்றியாக்கியதாக கமிட்டியில் பேசினாராம். பாய் இரண்டு பெஞ்சையும் உள்ளே எடுத்துப் போட்டுவிட்டு ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. எனக்கு பர்மனென்ட் ஆனது. ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது.

ஆர்டர் வந்த அன்று என் மனைவி கேட்டாள்: “நெசமாவே ரூலுக்குப் பயந்துதான் கல்லை வைக்காம நின்னீங்களா?”

ஆமாம் என்றேன். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். பெரும்பாலும் உண்மையும் அதுதான். ஆனால் கல்லை இரண்டாவது தடவை கீழே வைத்தபோது, அந்தக் கார் உருண்டால் எங்கே போய் நிற்கும் என்று பார்த்தேன். வழியில் ஆள் யாரும் இல்லை, என் பலகை மட்டும்தான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் கல்லைக் கீழே வைத்தேன்.