மாடிப்படிக் கைப்பிடியில் கட்டிய வயர்

எங்கள் லேத் பட்டறை திருமுல்லைவாயிலில், வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. கீழே டிரான்ஸ்ஃபார்மர், மாடியில் மெஷின்கள், நடுவில் ஓர் இரும்புப் படி. மெஷின்கள் இரண்டும் ஜப்பானிலிருந்து செகண்ட் ஹேண்டாக வந்தவை. நம் ஊர் நானூற்றுப் பதினைந்து வோல்ட்டைக் கொடுத்தால் கருகிவிடும். அவற்றுக்கு இருநூறுதான் ஒத்துக்கொள்ளும். அதற்காகத்தான் டிரான்ஸ்ஃபார்மர்.

வயரிங் செய்தது என் கொழுந்தனார். டிரான்ஸ்ஃபார்மருக்குள் கரண்ட் வரும் பக்கம், அளவு மீறினால் தானே அணைந்துவிடும் பிரேக்கர் ஒன்றை வைத்தார். வெளியே போகும் பக்கம் ஒன்றும் வைக்கவில்லை. அங்கிருந்து கிளம்பிய வயரைப் படியின் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டி மாடிக்கு ஏற்றிவிட்டார். பார்க்க என்னவோ நேர்த்தியாகத்தான் இருந்தது.

கல்யாணத்துக்கு முன்பு நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டாருக்குக் காயில் சுற்றியவள். வோல்ட் பாதியானால் கரண்ட் இரண்டு மடங்காகும் என்று எனக்குத் தெரியும். வெளியே போகும் வயருக்கும் தனியாக ஒரு பிரேக்கர் வேண்டும் என்று வாய் வலிக்கச் சொன்னேன்.

"மெயின்ல பிரேக்கர் கீதுல்ல அண்ணி? ஓவரா போனா அதுவே டிரிப் ஆயிடும். சும்மா டென்ஷன் ஆவாதீங்க" என்றார். என் வீட்டுக்காரருக்குத் தம்பி சொன்னால் வேதவாக்கு. நான் சொன்னால் காற்றோடு போகும்.

அன்று காலை ஓர் அவசர ஆர்டர். வீட்டுக்காரர் இரண்டாவது மெஷினையும் அதே வயரில் மாட்டி, இரண்டையும் ஒன்றாக ஓட்டினார். நான் டீயோடு படியருகே வந்தபோது பிளாஸ்டிக் பொசுங்கும் வாடை அடித்தது. வயர் பக்கத்தில் கையைக் கொண்டுபோனேன், அனல். கட்டியிருந்த இடங்களில் மேலுறை இளகிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கும் செம்பு இரும்பைத் தொட்டால் கைப்பிடி முழுக்கக் கரண்ட் பாயும். அவர் டீக்கு இறங்கும் நேரம் வேறு. முழங்கால் வலி, கைப்பிடியைப் பிடிக்காமல் அவரால் இறங்க முடியாது.

"இறங்காதீங்க! கம்பியைத் தொடாதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

பிரேக்கரிடம் ஓடினேன். கீழே இருந்த கொழுந்தனார் குறுக்கே வந்து நின்றார்.

"ஆஃப் பண்ணாதீங்க அண்ணி! ஜாப் பாதில கீது, டூல் ஒடைஞ்சிடும். டேஞ்சர்னா பிரேக்கர் இந்நேரம் டிரிப் ஆயிருக்கும்ல?"

டிரிப் ஆகவில்லைதான். உள்ளே வரும் கரண்ட் அதன் அளவுக்குள்ளேயே இருந்தது. டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் வயர் வெந்துகொண்டிருப்பது அதற்கு எப்படித் தெரியும்? அதை நின்று விளக்க எனக்கு நேரமில்லை. மாடிக் கதவு திறந்தது. மெஷின்களை ஓடவிட்டபடியே வீட்டுக்காரர் வெளியே வந்தார்.

டீ டம்ளரை அப்படியே கீழே போட்டேன். கொழுந்தனாரைப் பிடித்துத் தள்ளிவிட்டுப் பிரேக்கரை இறக்கினேன்.

மெஷின்கள் முனகி நின்றன. "எவன்டா ஆஃப் பண்ணது?" என்று கத்திக்கொண்டே அவர் வழக்கம்போலக் கைப்பிடியைப் பிடித்து இறங்கினார். நாலு படி வருவதற்குள் "ஆ!" என்று கையை உதறினார். உள்ளங்கையில் கறுப்புப் பிளாஸ்டிக் இழுபட்டு ஒட்டியிருந்தது. அவர் பிடித்த இடத்தில் செம்புக் கம்பி வெளியே தெரிந்தது, கைப்பிடி இரும்போடு ஒட்டிக்கொண்டு.

கொழுந்தனார் அதைப் பார்த்தார், அண்ணன் கையைப் பார்த்தார், தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் அண்ணன் தம்பி இருவரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்காரரின் கையைக் குழாய்த் தண்ணீரில் காட்டினேன்.

"எரியுதுடி" என்றார்.

எரியட்டும். அதைச் சொல்ல அவர் உயிரோடு இருக்கிறாரே என்று அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன்.