பஸ் இலக்கம் பார்த்த மாணவி

மாற்றலாகி வந்த முதல் வாரமே, தரம் ஒன்பது பிள்ளைகளுடன் ஹட்டனிலிருந்து கொழும்புச் சுற்றுலாவுக்குப் போனேன். இரட்டைச் சடை போட்ட ஒருத்தி மட்டும், இறங்கிய இடமெல்லாம் பஸ் இலக்கத்தைப் பார்த்துவிட்டே நகர்ந்தாள்.

காலிமுகத்திடலில் கடலைக் கண்டதும் அவளுக்கும் சிரிப்பு வந்தது. இரண்டடி ஓடியவள், என்னைத் திரும்பிப் பார்த்து நின்றுவிட்டாள்.

"திரும்பக் கூட்டிட்டுப் போவீங்கதானே டீச்சர்?"

"ஏம்மா அப்படிக் கேக்குற?"

"அக்காவையும் கடல் காட்டுறோம்னுதான் கூட்டிட்டு வந்தாங்க. இன்னும் இங்கதான் ஒரு வீட்டுல வேலை செய்யுது."

"ராத்திரி எட்டு மணிக்குள்ள உன்ன தோட்டத்து லயத்துல, உங்க வீட்டு வாசல்லயே விட்டுருவேன்."

அவள் கொப்பியை எடுத்தாள். அந்த நேரத்தையும், என் முழுப்பெயரையும் சொந்த ஊரையும் கேட்டு எழுதிக்கொண்டாள். எழுத்துப் பிழை இல்லையே என்று என்னிடமே காட்டினாள். அதற்குப் பிறகுதான் சப்பாத்தைக் கழற்றினாள்.